‘வெறும் ஃபேமிலி டாக்டரா?’ என்று கேட்கும் அப்பாவுக்கு

ஐயா, மகள் ஹவுஸ் சர்ஜன் முடிக்கப்போகிறார், ஃபேமிலி மெடிசின்தான் படிப்பேன் என்கிறார், உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. “எந்த நாட்டில் இதற்குத் தரம் அதிகமோ அங்கேயே அனுப்பிவிடுகிறேன்” என்று எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தரத்தில் பாதிதான் டாக்டர் கையில் இருக்கிறது. மீதி, அந்த நாடு அவரை எங்கே உட்கார வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நம் ஊரில் முழங்கால் வலித்தால் நேராக எலும்பு டாக்டர், தலை சுற்றினால் நேராக நியூரோ. நெதர்லாந்தில் அது நடக்காது. அவசரம் தவிர, குடும்ப மருத்துவர் கடிதம் கொடுத்தால்தான் ஸ்பெஷலிஸ்ட். ஆஸ்பத்திரிச் செலவில் ஆண்டுக்கு முதல் 385 யூரோ நம் கைக்காசு, அதற்கு மேல்தான் இன்சூரன்ஸ். குடும்ப மருத்துவரைப் பார்க்க அந்தக் கணக்கே கிடையாது. அதனால் சந்தேக மச்சத்தை வெட்டி எடுப்பது, கருத்தடை வளையம் பொருத்துவது, கடைசிக் காலத்தில் கிடப்பவரை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. காய்ச்சலோடு போனால் பாராசிட்டமால் போடச் சொல்லி அனுப்பிவிடுகிறார் என்று அங்கே குடியேறியவர்கள் புலம்புவார்கள். ஆன்டிபயாடிக்கை மிகக் குறைவாக எழுதும் நாடுகளில் அதுவும் ஒன்று. எனக்கென்னவோ அந்தப் புலம்பல் நல்ல அறிகுறியாகவே படுகிறது. உடனே டிக்கெட் போட்டுவிடாதீர்கள். டச்சு மொழி சரளமாக வராமல் அங்கே வேலை பார்க்க முடியாது.

பிரிட்டனில் அந்தத் தொல்லை இல்லை. குடும்ப மருத்துவருக்கு அங்கே ஜி.பி. என்று பெயர். மூன்று ஆண்டு ஜி.பி. பயிற்சி, அதில் தேற எம்.ஆர்.சி.ஜி.பி. என்ற தேர்வு. நோயாளியிடம் எப்படிப் பேசுகிறார் என்பதற்கே மதிப்பெண் போடுவார்கள். பயிற்சி அருமை, வேலைக்கு வந்தால் ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம்தான். வெளிநாட்டில் படித்த டாக்டர்கள் அங்கே பதிவு செய்ய எழுதும் பிளாப் தேர்வை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்களும் இப்போது ஏராளம். இன்னொன்று: இங்கிருந்தே எழுதும் ‘எம்.ஆர்.சி.ஜி.பி. இன்டர்நேஷனல்’ வேறு. நல்ல தேர்வுதான், ஆனால் அதை வைத்து பிரிட்டனில் ஜி.பி. ஆகிவிட முடியாது. விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

கனடாவில் பயிற்சி இரண்டே ஆண்டு. குடும்ப மருத்துவர் கிடைக்காமல் பல லட்சம் பேர் அல்லாடுகிறார்கள். ஆனாலும் வெளிநாட்டில் படித்தவர்களுக்குப் பயிற்சி இடங்கள் குறைவு.

என் யோசனை, முதலில் இங்கேயே மூன்று ஆண்டு டி.என்.பி. (ஆஸ்பத்திரிகளில் பயிற்சி பெற்று வாங்கும் மேற்படிப்புப் பட்டம்) ஃபேமிலி மெடிசின். நீட் பி.ஜி. மதிப்பெண் போதும். ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். சில இடங்களில் இந்த மாணவர்களைக் கேஷுவால்டியில் நைட் டூட்டிக்கு ஆள் நிரப்பவே வைத்திருக்கிறார்கள். கவுன்சலிங்குக்கு முன்பே அங்கே படிக்கும் சீனியர் ஒருவரை மகள் டீக்கடைக்குக் கூட்டிப்போகட்டும். குழந்தை மருத்துவம், மகப்பேறு, மனநலம் எல்லாவற்றுக்கும் ஒழுங்காக மாற்றி அனுப்புகிறார்களா, ஃபேமிலி மெடிசினுக்கென்று தனி ஓ.பி. இருக்கிறதா, போன மாதம் எத்தனை நைட் டூட்டி? இந்த மூன்றையும் கேட்டு வரச் சொல்லுங்கள், அப்புறம் பேசுவோம்.