இஸ்லாத்தில் பெண்ணுக்குச் சொத்துரிமை உண்டா, இல்லையா? ஏன் ஆளுக்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள்?

இந்தக் கேள்வியை யாரும் சும்மா கேட்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் ஒரு மௌத் (மரணம்) நடந்திருக்கிறது, நாற்பதாம் ஃபாத்திஹா முடிந்திருக்கிறது, யாரோ ஒரு பத்திரத்தை நீட்டியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் மன்னியுங்கள். படித்துவையுங்கள், பிறகு உதவும்.

முதலில் கேட்டதற்குப் பதில். உண்டு. இதில் ஹனஃபி, ஷாஃபிஈ என்று எந்த மத்ஹபுக்கும், அதாவது எந்த மார்க்கச் சட்டப் பிரிவுக்கும், மாற்றுக் கருத்து கிடையாது. பெற்றோர் விட்டுப் போனதில் ஆணுக்கும் பங்கு உண்டு, பெண்ணுக்கும் பங்கு உண்டு, சொத்து கொஞ்சமானாலும் சரி, அதிகமானாலும் சரி என்று அன்னிஸா அத்தியாயத்தின் 7ஆம் வசனமே சொல்லிவிடுகிறது. 11ஆம் வசனத்தில் மகனுக்கு இரண்டு மகள்களின் பங்கு என்று வருகிறது. சண்டை அங்கேதான். பெண்டாட்டி பிள்ளைகளுக்குச் சோறு போடுவது ஆணின் கடமை, பெண்ணின் காசும் நிக்காஹில் மாப்பிள்ளை தரும் மஹரும் அவளுக்கே, ஆகவே கணக்கு நேர்தான் என்பது பழைய ஆலிம்களின் (மார்க்க அறிஞர்களின்) விளக்கம். அந்தக் கடமையைச் செய்யாதவனுக்கு எதற்கு இரட்டைப் பங்கு, குர்ஆன் சொன்னது குறைந்தபட்சம்தானே என்பது புதிதாகப் படிக்கிறவர்களின் விளக்கம். துருக்கி 1926-லேயே சமபங்கு கொடுத்துவிட்டது. துனிசியாவில் 2018-ல் அதிபரே சமபங்கு கொண்டுவரப் பார்த்தார், நடக்கவில்லை. ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் ஸுன்னி முறைப்படி ஒரு பகுதி தகப்பனின் அண்ணன் தம்பிக்குப் போய்விடும். ஷியா முறையில் அவர்களுக்கு ஒன்றும் கிடையாது, மகள்களுக்கே வரும். மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்ற காசர்கோடு வக்கீல் ஷுக்கூர், 2023 மார்ச் 8 அன்று தன் மனைவியையே சிறப்புத் திருமணச் சட்டத்தில் மறுபடி பதிவுத் திருமணம் செய்துகொண்டது, சொத்து முழுக்கத் தன் மகள்களுக்கே வர வேண்டும் என்பதற்காகத்தான்.

இதெல்லாம் மேடையில் பேச நல்ல விஷயம். எங்கள் வீட்டில் விவகாரம் அவ்வளவு தூரம் போகவே இல்லை. பாதியா முழுசா என்று சண்டை போடுவதற்கு முதலில் அந்தப் பாதியாவது கைக்கு வர வேண்டுமே.

நாங்கள் சேலம் கோட்டைப் பக்கம். ராவுத்தர் குடும்பம், ஹனஃபி. அத்தாவுக்கு (அப்பாவுக்கு) செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு சின்னக் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி. பெரிய வருமானம் ஒன்றும் இல்லை, ஆனால் அத்தாவுக்கு உயிர். அம்மா, இரண்டு அண்ணன்கள், நான், தங்கை. இவ்வளவுதான் வாரிசு.

அத்தா மௌத்தாகி, நாற்பது முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பியதும் பெரியண்ணன் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். என் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தின் நகல். 'யாதொரு தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி மனப்பூர்வமாக' என்று அதில் என் சார்பில் யாரோ ஏற்கனவே எழுதிவிட்டிருந்தார்கள். தொகை எழுத வேண்டிய இடம் மட்டும் காலி. எவ்வளவு என்று கேட்டேன். "உனக்குப் போட்டது போதாதாம்மா? நகை, பாத்திரம், மாப்பிள்ளைக்கு வண்டி, எல்லாம் அத்தா செய்ததுதானே?" என்றார்.

இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எந்த மத்ஹபில் வரதட்சணை இருக்கிறது? மஹர் என்று மாப்பிள்ளை கொடுக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. மார்க்கத்தில் இல்லாத ஒன்றைக் கொடுத்துவிட்டு, மார்க்கம் கொடுத்ததை அதில் கழித்துக்கொள்வது என்ன கணக்கு என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தோட்டம் பங்கிலேயே வராது, அத்தா தனக்கு வாயால் ஹிபா (தானம்) செய்துவிட்டார், ஷரீஅத்தில் ஹிபாவுக்கு எழுத்து தேவையில்லை என்றார். எழுத்து தேவையில்லை என்பது உண்மைதான். அதனால் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அம்மாதான் மார்க்கம் படித்த ஹஜ்ரத்தைக் கூப்பிடச் சொன்னார். வேலூர் பாகியாத் அரபுக் கல்லூரியில் ஓதியவர், அதிகம் பேச மாட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணனிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"போன அறுப்புக்குக் காப்பி விற்ற பணம் யார் கைக்கு வந்தது?"

"அத்தா கைக்குத்தான்."

"கூலி கொடுத்தது?"

"அத்தாதான்."

கொடுக்கிறவர் சொல்ல வேண்டும், வாங்குகிறவர் ஏற்க வேண்டும், கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே பொருள் கைமாற வேண்டும், மூன்றும் சேர்ந்தால்தான் ஹிபா, இங்கே மூன்றாவது இல்லை என்று சொல்லிவிட்டு நாள்காட்டியில் கிழித்த தாள் ஒன்றைக் கேட்டார். அதன் பின்பக்கம் 48 என்று எழுதினார். அம்மாவுக்கு எட்டில் ஒன்று, ஆக 6. மீதி 42. அண்ணன்களுக்குப் பதினான்கு பதினான்கு, எங்களுக்கு ஏழு ஏழு. கீழே கோடு போட்டுக் கூட்டியும் காட்டினார். அப்புறம், "இதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது" என்று அம்மா பக்கம் திரும்பாமலே, மஹர் வந்துவிட்டதா என்று கேட்டார். நிக்காஹ் புத்தகத்தில் எழுதிய மூன்று பவுனை அத்தா கடைசிவரை கொடுக்கவே இல்லை. அம்மாவும் கேட்டதில்லை. அது மய்யித்தின் (இறந்தவரின்) கடன், கடன் தீர்ந்த பிறகுதான் பங்கு என்றார் ஹஜ்ரத். அம்மாவின் முகத்தை நான் அன்றைக்குத்தான் அப்படிப் பார்த்தேன். சிரிப்பா வெட்கமா, சொல்லத் தெரியவில்லை.

கதை அத்தோடு முடியவில்லை. அடுத்த வாரமே அண்ணன் வேறு பாட்டுப் பாடினார். கோர்ட்டு வட்டாரத்தில் அவருக்கு ஒரு சிநேகிதர் உண்டு. ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்று அவர் சொன்னாராம். 1937 சட்டத்தில் அப்படி இருந்தது நிஜம். ஆனால் 1949-லேயே அன்றைய சென்னை மாகாணம் திருத்தம் போட்டு விவசாய நிலத்தையும் அதற்குள் கொண்டுவந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் அம்மா அந்தத் திருத்தத்தைப் பிரதி எடுத்தே கொடுத்தார். போன வாரம் ஹிபாவுக்கு ஷரீஅத் வேண்டும், இந்த வாரம் தோட்டத்துக்கு ஷரீஅத் வேண்டாம். விளக்கம் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று கேட்டீர்களே, பாதி விளக்கங்கள் இப்படித்தான் பிறக்கின்றன. கிதாபில் வேறுபாடு இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கம் பெண்ணுக்குக் கிடைக்காமல் போவதற்கும் அந்த வேறுபாட்டுக்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு. ஹனஃபியில் பருவமடைந்த பெண் வலீ (பொறுப்பாளரான ஆண்) இல்லாமலே நிக்காஹ் செய்துகொள்ளலாம், ஷாஃபிஈயில் முடியாது. கேட்டால் ஹனஃபிதான் தாராளம் என்று தோன்றும். ஆனால் ஷாஃபிஈக்கள் இருக்கிற காயல்பட்டினத்தில் வீட்டை மகளுக்குக் கொடுக்கிறார்கள், எங்களுக்கு நீட்டுவது விடுதலைப் பத்திரம்.

ஹஜ்ரத்தைப் புகழ்ந்துவிட்டேன் என்பதற்காக அவர் பெண்ணுரிமைப் போராளி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெண்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு வரலாமா என்று கேட்டால் இன்றைக்கும் 'வீடே சிறந்தது' என்பார். தவ்ஹீத் இயக்கத்தாரின் பள்ளிவாசல்களில் பெண்களுக்குத் தனி இடம் இருக்கிறது. எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலில் மழைக்கு ஒதுங்கக்கூட இடமில்லை. புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத் (பஞ்சாயத்துச் சபை) தொடங்கியபோது எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். என் பஞ்சாயத்தும் ஜமாஅத்துக்குப் போயிருந்தால் சுற்றி உட்கார்ந்திருப்பது முழுக்க ஆம்பிளைகள். அதில் எத்தனை பேர் தங்கச்சியிடம் கையெழுத்து வாங்கியவர்கள் என்று ஊருக்கே தெரியும்.

'பார்த்தீர்களா, இவர்கள் மதமே இப்படித்தான்' என்று கிளம்பி வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுக்க 2005-லும் இந்துக் குடும்பங்களில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று சட்டம் வந்தாயிற்று. என் பக்கத்து வீட்டு அக்கா போன தை மாதம் தம்பிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு பட்டுப்புடவையோடு வந்தார். அதனால் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். என்னைத் தீனை (மார்க்கத்தை) விட்டு வெளியேறியவள் என்று எழுதப் போகிற சகோதரர்கள், 11, 12 வசனங்களை ஓதியதும் நிறுத்தாமல் 14ஆம் வசனத்தையும் ஓதுங்கள். வரம்பை மீறுகிறவருக்கு என்ன கிடைக்கும் என்று அங்கே இருக்கிறது.

இப்போது தோட்டம் கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. தங்கை மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டாள். அவள் மாப்பிள்ளை அண்ணன் கடையில் கூட்டு, அவளால் பேச முடியாது. பெரியண்ணன் பெருநாளுக்கும் என் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. பழ எடுப்பு நேரத்தில் நானே மேலே போய்வருகிறேன். சனி ஞாயிறு மட்டும் போக மாட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வெளியூர்க்காரர்கள் வண்டியைக் குறுக்கே நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள், மேலே இருந்து வரும் பஸ் திரும்பவே முடியாது. மே மாதக் கோடை விழா சமயத்தில் கேட்கவே வேண்டாம். எங்கள் வேலியோரம் கிடக்கும் பிரியாணிப் பொட்டலங்களைப் பொறுக்கவே ஒரு ஆள் கூலி ஆகிறது. சரி, அதை வேறு ஒரு கேள்வியில் பேசிக்கொள்ளலாம்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், வெற்றுத்தாளில் நிச்சயமாக வேண்டாம். தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வில்லங்கச் சான்றும் ஒன்று போட்டுவிடுங்கள். அம்மாவுக்கு மஹர் பாக்கி இருந்தால் அதை முதலில் எழுதி வையுங்கள். அண்ணன் தம்பி எத்தனை பேர், அக்கா தங்கை எத்தனை பேர் என்று கீழே சொன்னால் பங்கைப் போட்டுத் தருகிறேன். உங்கள் அத்தாவின் தாயோ தகப்பனாரோ உயிரோடு இருந்தால் அதையும் சொல்லுங்கள், அவர்களுக்கு ஆளுக்கு ஆறில் ஒன்று வரும், கணக்கு மாறிவிடும்.