கீரை வாடாமல் வைக்க: கேள்வி பதில்

20 வருடமாகக் கீரை விற்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அக்கா, அரைக்கீரையைக் கழுவி பிரிட்ஜில் வைத்தால் மறுநாளே கொழகொழவென்று ஆகிவிடுகிறது.

கழுவி வைப்பதுதான் காரணம். பறித்த பிறகும் கீரைக்கு உயிர் இருக்கிறது, மூச்சு விடுகிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேறினால் வாடும்; வெளியே தண்ணீர் நின்றால் அழுகும். வாங்கி வந்ததும் கட்டை அவிழ்த்துவிடுங்கள். கயிறு இறுக்கிய இடம்தான் நசுங்கி முதலில் அழுகும். பழுத்த இலைகளைப் பொறுக்கிவிட்டு, ஃபேன் காற்றில் கொஞ்ச நேரம் பரப்பி வையுங்கள், ஏனென்றால் கடையில் நாங்களே தண்ணீர் தெளித்துத்தான் வைத்திருப்போம். அப்புறம் பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, மூடிய டப்பாவில் போட்டு காய்கறித் தட்டில் வையுங்கள். 3 நாள் தாங்கும். சமைக்கும்போது கழுவினால் போதும்.

கொத்தமல்லி?

வேரோடு வாங்குங்கள். டம்ளரில் வேர் நனையும் அளவு தண்ணீர் விட்டு நிறுத்தி, இலையை ஒரு கவரால் தளர்வாக மூடி பிரிட்ஜில் வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். இலையில் ஈரம் வேண்டாம்.

முருங்கைக்கீரை ஆய்ந்து மாளவில்லை அக்கா.

ராத்திரி துணியில் சுற்றி வெளியே வைத்துவிடுங்கள். காலையில் உதறினால் இலை தானாக உதிரும். அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.

ஈரமே இல்லை, ஆனாலும் மஞ்சளாகிறது.

பக்கத்தில் வாழைப்பழம், தக்காளி இருக்கிறதா? பழுக்கும்போது அவை விடும் எத்திலீன் வாயு கீரையையும் பழுக்க வைத்துவிடும். தள்ளி வையுங்கள்.

புதினாவுக்கு?

கொத்தமல்லிக்குச் சொன்னதுதான்.

கீரை சாப்பிட்டால் சர்க்கரை குறையுமா?

அதை மருத்துவரிடம் கேளுங்கள் தம்பி.

துணி எதற்கு? நியூஸ்பேப்பரில் சுற்றினால் ஈரத்தை நன்றாக உறிஞ்சுமே.

உறிஞ்சும், ஆனால் மையும் இலையில் ஏறும். உணவை நாளிதழில் சுற்றாதீர்கள் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-லும் 2023-லும் எச்சரித்திருக்கிறது. அச்சு மையில் ஈயம் போன்றவை இருக்கலாம்.

அது சூடான பஜ்ஜி, வடைக்குச் சொன்னது. பச்சைக் கீரைக்கு என்ன வந்தது?

எண்ணெயும் சூடும் மையை அதிகம் இழுக்கும், உண்மைதான். ஆனால் ஈரக்கையால் நாளிதழைப் புரட்டிப் பாருங்கள், விரல் கறுக்கும். ஈரக்கீரை 3 நாள் அதே தாளில் கிடக்கிறது.

எங்கள் பாட்டி காலம் முழுக்க அப்படித்தான் வைத்தார். சமைக்கும் முன் கழுவத்தானே போகிறோம்?

பாட்டிக்கு அதுதான் கையில் கிடைத்தது. கழுவினால் மண் போகும். மை முழுதும் போகும் என்று நான் நம்ப மாட்டேன். வீட்டில் சின்னக் குழந்தைகள் சாப்பிடுகிறார்கள் அம்மா. ஒரு பழைய வேட்டித் துண்டு போதுமே.

வெந்தயக்கீரையைக் கழுவி வைக்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். ஈரத்தோடு வைக்காதீர்கள்.

சரி, துணியே நனைந்துவிட்டால்?

வேறு காய்ந்த துணி மாற்றுங்கள். பல தடவை துவைத்த பழைய பருத்திதான் நன்றாக உறிஞ்சும்.