நவூருவின் முதல் அதிபர் ஹாமர் டிரோபர்ட் நாட்டைக் காப்பாற்றினாரா, கெடுத்தாரா?

இரண்டும் செய்தார். ஆனாலும் நான் அவர் பக்கம்தான் சாய்வேன். காரணம், 1964-இல் அவர் வேண்டாம் என்று சொன்ன ஒரு தீவு.

பசிபிக் கடலில் உள்ள தீவு நாடான நவூரு மொத்தமே 21 சதுர கிலோமீட்டர். பைக் எடுத்தால் அரை மணி நேரத்தில் தீவையே ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம். அங்கிருந்து சிட்னிக்குப் போன ஒரு கல், ஒரு நிறுவன அலுவலகத்தில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுக்கக் கிடந்தது. ஆல்பர்ட் எல்லிஸ் என்ற ஊழியர் அதைச் சோதித்துப் பார்த்தால், உயர்தர பாஸ்பேட்! அதன்பின் தீவைச் சுரண்டி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வயல்களுக்கு உரமாகப் போட்டார்கள். தீவுக்காரர்களுக்குக் கிடைத்தது சில்லறைக் காசு.

டிரோபர்ட் பிறந்தது 1922-இல். ஆஸ்திரேலியாவில் ஜீலாங்கில் படித்துவிட்டு வந்து ஆசிரியரானார். போர்க்காலத்தில் ஜப்பானியர் 1,200 நவூருக்காரர்களைத் துருக் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அதில் இவரும் ஒருவர். பசியும் நோயுமாக அங்கேயே பலர் செத்துப்போக, 1946 ஜனவரி 31 அன்று ஊர் திரும்பியவர்கள் 737 பேர்தான். 1956-இல் இவர் தீவின் தலைவரானார்.

சரி, அந்த 1964 விஷயம். பாஸ்பேட் தீர்ந்தால் இங்கே எப்படிப் பிழைப்பீர்கள், குவீன்ஸ்லாந்து கரையோரம் உள்ள கர்ட்டிஸ் தீவுக்கு எல்லோரும் வந்துவிடுங்கள், குடியுரிமையும் தருகிறோம் என்றது, தீவை அப்போது ஆண்ட ஆஸ்திரேலியா. அங்கேயும் எங்களை நாங்களே ஆள வேண்டும் என்றார் டிரோபர்ட். அதற்கு ஆஸ்திரேலியா ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் வேண்டாம் என்று எழுந்துவிட்டார். ஒருமுறை ஊரை விட்டுத் துரத்தப்பட்டவருக்குத்தான் அந்தப் பிடிவாதம் வரும் என்று எனக்குத் தோன்றும். 1968-இல் விடுதலை கிடைத்தது. அதற்குக் குறித்த நாள், துருக்கிலிருந்து திரும்பிய அதே ஜனவரி 31. சுரங்கத்தையும் 2.1 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுத்து வாங்கினார்கள்.

அப்புறம் பணம் கொட்டியது. அப்போது வருமான வரி கிடையாது, மருத்துவமும் படிப்பும் இலவசம். இந்தச் சின்னத் தீவுக்குச் சொந்த விமான நிறுவனம். பாதி நேரம் இருக்கைகள் காலியாகவே பறந்தன. மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் ஒன்றை 1977-இல் எழுப்பினார்கள். பாஸ்பேட் பறவை எச்சத்தில் உண்டானது என்பார்கள். அந்த எச்சத்தில் வந்த காசு என்று அந்த ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த கேலிப்பெயரை இங்கே எழுதக் கூசுகிறது. 2004-இல் அதுவும் கடனில் போய்விட்டது.

நான் அவரைக் குறை சொல்வது இங்கேதான். வெள்ளைக்காரன் தோண்டிய அதே வேகத்தில் இவர் ஆட்சியிலும் தோண்டினார்கள். 'டாப்சைடு' எனப்படும் நடு மேட்டில் மண் போய், ஆளுயரத்துக்கும் மேலான பவளப்பாறை ஊசிகள்தான் நிற்கின்றன. விதை போட ஒரு பிடி மண் இல்லை. ஜனங்கள் கரையோரப் பட்டையில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள்.

1976-இல் பதவி போனது, 1978-இல் திரும்ப வந்தது. நடுவில் இன்னும் சில கவிழ்ப்புகள். கடைசியாக 1989-இல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் இறங்கினார்.

அதற்குமுன் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். விடுதலைக்கு முன்பு தோண்டிப்போட்ட நிலத்துக்கு யார் பொறுப்பு என்று விசாரிக்க, இலங்கைச் சட்ட அறிஞர் வீரமந்திரி தலைமையில் குழு அமைத்தார். அதன் தொடர்ச்சியாக 1989 மே மாதம் ஆஸ்திரேலியாவைச் சர்வதேச நீதிமன்றத்துக்கே இழுத்தது நவூரு. வழக்கை விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 1992 ஜூன் 26 அன்று நீதிமன்றம் சொன்னது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஜூலை 15 அன்று டிரோபர்ட் மெல்போர்னில் இறந்தார். மறு வருஷம் ஆஸ்திரேலியா சமரசத்துக்கு வந்து 10.7 கோடி டாலர் தர ஒத்துக்கொண்டது. அதில் 5 கோடி, இருபது வருஷத் தவணையில்.