நெக்ஸஸ் 7 டேப்லெட்டுக்கு எந்தக் கர்னல்? கேள்வி பதில்

கேள்வி: என்னுடையது 2012ஆம் ஆண்டு மாதிரி. லாலிபாப் (ஆண்ட்ராய்டு 5) போட்ட பிறகு மிகவும் மெதுவாக இயங்குகிறது. பிராசஸர் வேகத்தை 1.6 கிகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தும் கர்னல் (வன்பொருளை இயக்கும், ஆண்ட்ராய்டின் மையப் பகுதி) உதவுமா?

பதில்: பெரிதாக உதவாது. பிளே ஸ்டோரில் ஏதேனும் ஒரு செயலி நிறுவப்படும்போது, விசைப்பலகையில் தட்டிய எழுத்து சில நொடிகள் கழித்துத்தான் திரையில் வருகிறதா என்று பாருங்கள். வருமானால், தாமதத்துக்குக் காரணம் டெக்ரா 3 என்ற பிராசஸர் அன்று. உள்ளிருக்கும் ஃபிளாஷ் சேமிப்பகத்தின் எழுதும் வேகமே தடை. ஆகவே ஃபிளாஷ் சேமிப்பகத்துக்கென்றே உருவான எஃப்2எஃப்எஸ் கோப்பு முறைமையை ஆதரிக்கும் கர்னலைத் தேடுங்கள். சாம்சங் உருவாக்கிய இம்முறைமை 2013இல் லினக்ஸ் 3.8இல்தான் சேர்ந்தது, உங்கள் டேப்லெட்டின் கர்னலோ 3.1 என்பதால், தனி நிரலாளர்கள் அதைப் பின்னோக்கிக் கொண்டுவந்து சேர்த்த பதிப்புகளில் மட்டுமே கிடைக்கும். உங்கள் கோப்புகள் இருக்கும் டேட்டா பார்ட்டிஷனை (சேமிப்பகப் பகுதியை) ஃபார்மட் செய்ய நேரும் என்பதால் அனைத்தும் அழியும். நீங்கள் போட்டிருக்கும் ரோமும் (ஆண்ட்ராய்டு மென்பொருள் தொகுப்பும்) இம்முறைமையை அறிந்திருக்க வேண்டும். சேமிப்பகம் நிரம்பி வழிந்தால் எந்தக் கர்னலும் கைகொடுக்காது. முதலில் அதைக் காலி செய்துவிட்டுப் பிறகு கர்னலைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: 2013 மாதிரியில் கூகுளின் மூல ரோம் வைத்திருக்கிறேன். சயனோஜென்மாடு என்ற வேறொரு ரோமுக்கான கர்னலை ஃபிளாஷ் செய்ததும் (பதித்ததும்) லோகோவிலேயே நின்றுவிட்டது.

பதில்: டேப்லெட்டைத் துவக்கும் கோப்பான பூட் இமேஜில் கர்னலோடு ராம்டிஸ்க் என்ற சிறு கோப்புத் தொகுதியும் இருக்கிறது. டேப்லெட்டை எழுப்பும் தொடக்கக் கட்டளைகள் அதில்தான் உள்ளன. அவை ரோமுக்கு ரோம் மாறுபடும்; உங்கள் ரோமுக்குப் பொருந்தாததால்தான் நின்றுவிட்டது. கூகுள் வெளியிட்ட ஃபேக்டரி இமேஜிலிருந்து (மூல மென்பொருள் தொகுப்பிலிருந்து), உங்கள் ஆண்ட்ராய்டு பதிப்புக்குரிய பூட் இமேஜை மட்டும் எடுத்து ஃபாஸ்ட்பூட் (கணினியிலிருந்து டேப்லெட்டுக்குக் கட்டளையிடும் கருவி) வழியே ஃபிளாஷ் செய்தால் போதும். உங்கள் கோப்புகள் வேறு பார்ட்டிஷனில் பத்திரமாக இருக்கும். அடுத்த முறை ஆண்ட்ராய்டு பதிப்பு, ரோமின் அடிப்படை (கூகுளின் மூலமா, சயனோஜென்மாடா), மாதிரியின் குறிப்பெயர் ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள். 2013இல் வைஃபை மட்டும் உள்ளது ‘ஃப்ளோ’, எல்டிஇ உள்ளது ‘டெப்’.

கேள்வி: நிரந்தரமாகப் பதிக்காமல் சோதித்துப் பார்க்க வழியுண்டா?

பதில்: உண்டு, பலரும் இதைப் பயன்படுத்துவதில்லை என்பது வியப்பு. முழு பூட் இமேஜாகக் கிடைக்கும் கர்னலை ‘ஃபாஸ்ட்பூட் பூட்’ கட்டளையால் நினைவகத்தில் மட்டும் ஏற்றி இயக்கலாம். மறுபடி துவக்கினால் பழைய கர்னலே வரும். ஜிப் கோப்பாக வருபவற்றுக்கு இது பொருந்தாது.

கேள்வி: பிராசஸர் வேகத்தை எப்போது கூட்டுவது, குறைப்பது என்று முடிவெடுக்கும் கவர்னராக எதை வைப்பது?

பதில்: இன்டராக்டிவ். அதை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் கிடைக்கும் பயன் மிகக் குறைவு.

கேள்வி: எஃப்சிங்கை அணைத்தால் பெஞ்ச்மார்க் மதிப்பெண் கூடுகிறதே?

பதில்: கூடும். ஆனால் எழுதிய தரவு உண்மையில் சேமிப்பகத்தை எட்டியதா என்று உறுதிசெய்வதே எஃப்சிங்கின் வேலை. அதை அணைத்த நிலையில் டேப்லெட் உறைந்து நின்றால், தொடர்புகள் முதலான தரவுத்தளங்கள் சிதையக்கூடும். அதை இயல்பாகவே அணைத்து வைத்து வரும் கர்னலை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: காரில் பொருத்தியிருக்கிறேன். பென்டிரைவில் பாட்டுக் கேட்டுக்கொண்டே சார்ஜ் ஏற்ற முடியுமா?

பதில்: கஸ்டம் கர்னல் (தனி நிரலாளர்கள் மாற்றியமைத்தது) போடுவதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை. ஓடிஜி நிலையில் (பென்டிரைவ் போன்றவற்றை டேப்லெட்டில் நேரடியாக இணைக்கும்போது) டேப்லெட்தான் பென்டிரைவுக்கு மின்சாரம் தருகிறது; மூலக் கர்னலில் அப்போது சார்ஜ் ஏறாது. ஓடிஜியும் சார்ஜிங்கும் ஒருசேர இயங்கும் என்று அம்சப் பட்டியலில் தெளிவாகக் குறிப்பிட்டுள்ள கர்னலைத் தேர்ந்தெடுத்து, வெளி மின்சாரம் செலுத்தக்கூடிய ஒய் வடிவ ஓடிஜி கேபிளையும் வாங்கிக்கொள்ளுங்கள்.