லேவியராகமத்தில் மூச்சு வாங்குகிறவருக்கு

கேள்வி: சார், எனக்கு 36 வயது. பள்ளியில் 800 மீட்டர் ஓடினேன், மாவட்ட அளவில் ஒரு வெண்கலம் உண்டு. இப்போது வங்கி வேலை, இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு டிசம்பர் 31 இரவு ஆராதனையிலும் ஒரு தீர்மானம் எடுக்கிறேன்: தினமும் அதிகாலை 4 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபம், ஒரே வருஷத்தில் முழு வேதாகமம். ஜனவரி முடிவதற்குள் ஜெபம் நின்றுவிடும். வாசிப்பு லேவியராகமத்தில் போய் நிற்கும். நடுவில் கன்வென்ஷனில் கண்ணீரோடு மறுபடி அர்ப்பணிப்பேன். பத்து நாள் தாங்கும். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள்மேல் எரிந்து விழுவது மட்டும் தவறாமல் நடக்கிறது. என் விசுவாசத்திலேயே கோளாறா? ஒரு கோச்சாக நீங்கள் என்ன சொல்வீர்கள்?

பதில்: தம்பி, உங்கள் விசுவாசத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் போதகர் இல்லை. 26 வருஷம் தடகளப் பயிற்சி கொடுத்தவன், ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் பேஸ் பாடுகிறவன், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் எழுதியதை ஒரு பயிற்சி அட்டவணையாகப் படித்தால் கோளாறு பளிச்சென்று தெரிகிறது. எழுந்திருக்கும் நேரத்தை எழுதியிருக்கிறீர்கள். படுக்கும் நேரத்தை எழுதவே இல்லை.

கிரவுண்டுக்குப் புதிதாக வரும் பையனுக்கு ஆர்வத்தில் குறையே இருக்காது. முதல் நாளே பத்து ரவுண்டு ஓடுவான். மறுநாள் படியிறங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பான். மூன்றாம் நாள் ஆளைக் காணோம். எங்கே என்று கேட்டால், "அவனுக்கு இதெல்லாம் ஒத்துவராது சார்" என்று கூட வந்தவன் சொல்வான். ஒத்துவராதது அந்தப் பத்து ரவுண்டு மட்டும்தான். அதைப் போய் அவன் தன்னைப் பற்றிய உண்மையாக எடுத்துக்கொள்கிறான். நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

ஓட ஆரம்பித்தால் மூச்சு சில வாரத்தில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சுதான் தாங்குகிறதே என்று தூரத்தைக் கூட்டுகிறவனுக்குத்தான் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வரும். கன்வென்ஷனில் உங்களுக்குக் கிடைப்பது மூச்சு. அது பொய்யில்லை, நல்லதுதான். ஆனால் எலும்பு இன்னும் பழகவில்லை. அதனால்தான் பத்தாவது நாளில் வலிக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். 365 நாளுக்குப் பங்கு வைத்தால் தினமும் மூன்றேகால். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, ஆக 90 அதிகாரம் முடிய 28 நாள். ஜனவரி கடைசியில் நீங்கள் லேவியராகமத்தின் பலிமுறைகளுக்குள் நுழைகிறீர்கள். வருஷ ஆரம்பத்து வேகம் தணிவதும், கடினமான பகுதி வருவதும் ஒரே வாரத்தில். இந்த அட்டவணையை எந்தக் கோச் போட்டாலும் அவரை மாற்றச் சொல்வேன்.

புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று. 52 வாரத்தில் கச்சிதமாக முடியும். மீதி இரண்டு நாள் சும்மா இருங்கள், அல்லது ஒரு சங்கீதம் வாசியுங்கள். லேவியராகமம் எங்கும் ஓடிப்போகாது. மூன்றாம் வருஷம் அதற்கு வரலாம், அப்போது வேறு கண்ணோடு படிப்பீர்கள்.

ஒரு நாள் விட்டுப்போனால்? நாங்கள் பையன்களுக்குச் சொல்வது இதுதான்: நேற்று விட்டதை இன்றைக்குச் சேர்த்து ஓடாதே. இன்றைய ஓட்டத்தை மட்டும் ஓடு. இரண்டு மூன்று நாள் விட்டதால் யாருக்கும் தெம்பு இறங்கிவிடாது. விட்டதையெல்லாம் ஒரே நாளில் ஈடுகட்டப் போய்த்தான் தசைப்பிடிப்பு வரும். நாலு நாள் பாக்கி, பதின்மூன்று அதிகாரம் என்று கணக்குப் பார்த்து மலைத்துப்போய்த்தான் நீங்கள் வேதாகமத்தை மூடியிருப்பீர்கள். பாக்கியைத் தள்ளுபடி செய்துவிடுங்கள். வங்கியில் வேலை பார்க்கிறவருக்கு அது கஷ்டம்தான்.

இனி தூக்கம். இரவு பன்னிரண்டு வரை போனைப் பார்த்துவிட்டு நாலு மணிக்கு எழுந்தால் அது உபவாசம் போல ஒரு தியாகம் என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். எலியாவைப் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு சாகவேண்டும் என்று கேட்டவர். அவருக்கு முதலில் கிடைத்தது பிரசங்கம் இல்லை; தூக்கம், தழலில் சுட்ட அடை, தண்ணீர், மறுபடி தூக்கம். "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று தூதன் சொன்ன இடம் வரும்போதெல்லாம், இது விவரம் தெரிந்த கோச் ஒருவர் பேசுகிற பேச்சு என்று எனக்குத் தோன்றும். பத்தரைக்குப் படுங்கள். ஐந்தரைக்கு எழுந்தால் போதும். ஜெபத்துக்குப் பதினைந்து நிமிஷம். குறைவாக இருக்கிறதே என்று உறுத்தும், உறுத்தட்டும். ஆறு வாரம் கழித்து ஐந்து நிமிஷம் கூட்டலாம்.

அலாரம் அடிக்கும்போது எழுவதா வேண்டாமா என்று யோசிக்கிறவன் தோற்றுவிடுவான். முடிவை முந்தைய இரவே எடுத்திருக்க வேண்டும். எரிக் லிடெல் கதையை ஞாயிறு பள்ளியில் கேட்டிருப்பீர்கள்: 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் ஓட மறுத்தவர். அதைக் கடைசி நேரத் துணிச்சலாகவே பெரும்பாலும் சொல்கிறார்கள். அட்டவணை அவருக்குப் பல மாதம் முன்பே தெரியும். அன்றே முடிவெடுத்துவிட்டு, மிச்ச மாதங்களைப் பயிற்சியாளர் டாம் மெக்கர்ச்சரோடு 200, 400 மீட்டருக்கு உழைத்தார். 200-ல் வெண்கலம். 400-ல் வெளி ஓரப் பாதை, யாரும் முன்னால் தெரியமாட்டார்கள், 47.6 வினாடியில் தங்கம். மறுத்ததை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள், அந்த மாதங்களை யாரும் பேசுவதில்லை.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பிற்பாடு சீனாவில் மிஷனரியாக இருந்தபோது ஜப்பானியரின் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். 1945-ல் அங்கேயே இறந்தார். அந்த முகாமில் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஹாக்கி ஆடப் போய் அடித்துக்கொண்டபோது, அவரே வந்து நடுவராக நின்றார். ஒலிம்பிக்குக்காக ஞாயிறை விட்டுக்கொடுக்காதவர், சண்டை போடும் பிள்ளைகளுக்காகக் கொடுத்தார். இரவெல்லாம் காய்ச்சலில் கிடந்த பிள்ளையைப் பார்த்துவிட்டுக் காலையில் எழ முடியவில்லை என்றால், அந்த நாளைத் தோல்வியாக எழுதாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் உண்மையான விஷயம் சாயங்காலக் கோபம்தான். அதைக் கடைசியில் ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள். 800 மீட்டரில் பந்தயம் எங்கே கைவிட்டுப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். முதல் ரவுண்டு மணி அடிக்கும்வரை எல்லோரும் நன்றாகத்தான் ஓடுவார்கள். அதற்கப்புறம் வரும் 200 மீட்டர், 400-லிருந்து 600 வரை, அங்கேதான் ஓட்டம் தன்னை அறியாமல் தளரும். கடைசி 200-ல் கைதட்டல் இழுத்துக்கொண்டு போய்விடும். மூன்றாவது 200-ஐ யாரும் பார்ப்பதில்லை. உங்கள் நாளின் மூன்றாவது 200 எது? நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிற அந்த அரை மணி நேரம்.

பவுல், கொரிந்தியருக்கு எழுதும்போது ஓட்டப் பந்தயத்தைப் பேசுகிறார். கொரிந்துக்குப் பக்கத்தில்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடக்கும். வாசித்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. அதே பகுதியில் "ஆகாயத்தை அடிக்கிறவனாகச் சிலம்பம்பண்ணேன்" என்கிறார். மூலத்தில் அது குத்துச்சண்டை. நம் மொழிபெயர்ப்பாளர்கள் கையில் கம்பைக் கொடுத்துவிட்டார்கள், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். "இந்த வருஷம் ஆவிக்குரிய வாழ்க்கையில் வளரணும்" என்பது ஆகாயத்தை அடிப்பது. எதிரே ஆள் இல்லை. "ஆறரை மணிக்கு, ஹோம்வொர்க் முடிக்காத பெரியவனிடம், என் குரல்" என்றால் எதிரே ஆள் நிற்கிறார்.

அதற்கு ஒரு பயிற்சி. வண்டியை நிறுத்தியதும் உடனே இறங்காதீர்கள். ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வையுங்கள். மூன்று முறை மெதுவாக மூச்சு. பிள்ளைகள் இருவர் பெயரையும் சொல்லி ஆளுக்கு ஒரு வரி ஜெபம். அப்புறம் கேட்டைத் திறங்கள். உள்ளே போனதும் முதல் கேள்வி ஹோம்வொர்க் பற்றியதாக இருக்கக்கூடாது, சாப்பிட்டாயா என்று கேளுங்கள். இரண்டு நிமிஷ வேலை. களைத்துப்போன உடம்போடு செய்வதால்தான் இதற்கு மதிப்பு. நாங்களும் நுணுக்கங்களைக் களைத்த காலில்தான் கடைசியாகச் சோதிப்போம்.

இவ்வளவு சின்ன விஷயமா என்று தோன்றினால் ஜான் வுடனை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 12 வருஷத்தில் 10 தேசியப் பட்டம் வாங்கிய யு.சி.எல்.ஏ. அணியின் கோச், ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. அவர் அணியில் முதல் நாள் பாடம் பந்து பற்றியது கிடையாது. சாக்ஸை எப்படிப் போடுவது. விரல் பக்கமும் குதிகால் பக்கமும் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட வேண்டும். சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் பயிற்சி போகும். நாட்டிலேயே சிறந்த ஆட்டக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து சாக்ஸ் போடப் படித்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மூன்று மூச்சு வாங்குவது உங்கள் சாக்ஸ்.

ஒரு இடத்தில் இந்த ஒப்புமை நொண்டும், அதையும் மறைக்கக்கூடாது. நான் தேர்வுப் போட்டி நடத்தி ஆள் எடுத்தவன். நேரம் வராதவனை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். ஆண்டவர் அப்படி ஆள் எடுப்பதில்லை. ஐந்தரைக்கு எழுந்தால்தான் அணியில் இடம் என்று நினைத்தால், எழாத அன்று அவர் முகத்தைப் பார்க்கவே கூசும். ஜனவரிக்கு அப்புறம் நீங்கள் ஜெபத்தை மொத்தமாகவே விடுவதற்கு அந்தக் கூச்சம்தான் காரணம் என்று என் சந்தேகம். தீமோத்தேயுவுக்கு எழுதும்போது "தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு" என்கிறார் பவுல். அங்கே மூலத்தில் உள்ள கிரேக்க வினைச்சொல்லும், நாம் ஜிம் என்கிற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஏற்கெனவே பிள்ளையாக ஏற்றுக்கொள்ளப்பட்டவனுக்குச் சொன்னது அது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். நாளுக்கு ஒரு வரி: தேதி, படுத்த நேரம், எழுந்த நேரம், அதிகாரம், சாயங்காலம் கேட்டில் நின்றீர்களா இல்லையா. மார்க் போடாதீர்கள். வாரம் ஒருமுறை உங்கள் மனைவியிடம் காட்டுங்கள். கேட் விஷயத்தில் உங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், விட்ட நாட்கள் உட்பட.

அப்புறம், இதைப் படித்த உற்சாகத்தில் நாளைக்கே கிரவுண்டுக்குப் போய்ப் பழைய ஸ்பைக்ஸை மாட்டிக்கொண்டு 800 ஓடிவிடாதீர்கள். 36 வயசு. முதல் மாதம் நடந்தால் போதும்.