ஒரு வெள்ளிக் கட்டணமும் ஒரு பெருந்தொற்றும்: கேள்வி பதில்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஞாயிறு மாலைகளில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில், இந்த முறை என்னைக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல உட்கார வைத்துவிட்டார்கள். பொதுச் சுகாதாரத் துறையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நாட்டின் சுகாதார அமைப்பு எப்படி இருக்கிறதோ அதைப் பொறுத்துக் கோவிட் போன்ற பெருந்தொற்றின் முடிவும் மாறுமா என்பதுதான் பேச்சு. சீட்டில் எழுதி வந்த கேள்விகளில் இரண்டை என்னால் படிக்கவே முடியவில்லை. மருத்துவர்களின் கையெழுத்தைக் கேலி செய்பவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

செந்தூலிலிருந்து ஓர் ஆசிரியை: டாக்டர், பணக்கார நாடுகளில்தானே அதிகம் பேர் இறந்தார்கள்? அது எப்படி?

2019 அக்டோபரில் உலகச் சுகாதாரப் பாதுகாப்புக் குறியீடு என்று ஒரு பட்டியல் வந்தது. 195 நாடுகளில் யார் பெருந்தொற்றுக்குத் தயார் என்று வரிசைப்படுத்தினார்கள். முதலிடம் அமெரிக்கா, இரண்டாமிடம் பிரிட்டன். சில மாதங்களிலேயே அந்தப் பட்டியலின் மானம் போனது. அமெரிக்காவில் இறந்தவர்கள் 11 லட்சத்துக்கும் அதிகம்.

ஆனால் அதே பட்டியலில் இன்னொரு பகுதி இருந்தது. சாதாரண மனிதனுக்கு மருத்துவம் எளிதில் கிடைக்கிறதா என்ற அந்தப் பகுதியில் அமெரிக்கா கடைசி வரிசைகளில் நின்றது. ஆய்வகம், கருவி, திட்டக் கோப்பு எல்லாம் உண்டு. இருமுகிறவனோ காய்ச்சலை அளப்பதற்கு முன்பே மருத்துவச் செலவை நினைத்துப் பயப்படுகிறான்.

இலவசமாகக் கொடுத்துவிட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. பிரிட்டனில் 1948 முதல் மருத்துவம் இலவசம். ஆனால் சாதாரணக் குளிர்காலத்திலேயே படுக்கைகள் நிரம்பிவிடும் அமைப்பு அது. 2020 வசந்தத்தில் இடம் காலி செய்வதற்காக முதியவர்களைப் பரிசோதனை செய்யாமலேயே பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்பினார்கள். நோயும் கூடவே போனது.

காஜாங்கிலிருந்து ஒருவர்: முதல் ஆண்டில் தாய்வான் எப்படித் தப்பித்தது?

2003இல் சார்ஸ் நோயிடம் பட்ட அடி ஒன்று. 1995 முதல் எல்லோருக்கும் ஒரே தேசியக் காப்பீடு, ஒரே அட்டை இருந்தது இன்னொன்று. 2020 தொடக்கத்தில் அந்த அட்டையின் தகவலைக் குடிநுழைவுத் துறையின் பயணத் தகவலோடு இணைத்தார்கள். நோயாளி எங்கிருந்து வந்தவர் என்பது மருத்துவரின் கணினித் திரையிலேயே தெரிந்தது. முகக்கவசத்தையும் அதே அட்டையை வைத்தே பங்கிட்டுக் கொடுத்தார்கள்.

கிள்ளான்: 2020இல் மலேசியாவை எல்லோரும் பாராட்டினார்கள். 2021இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் படுக்கை கிடைக்காமல் தவித்தோம். அதே மருத்துவர்கள், அதே மருத்துவமனைகள்தானே?

இதைக் கேட்கக் கிள்ளான்காரருக்கு முழு உரிமை உண்டு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் நடந்த பெருங்கூட்டத்திலிருந்து தொற்று பரவிய பிறகு, 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. தொற்று உறுதியான ஒவ்வொருவரையும், அறிகுறியே இல்லாதவரையும்கூட, மருத்துவமனையில் சேர்த்தோம். மாவட்டச் சுகாதார அலுவலக ஊழியர்கள் தொலைபேசியும் கையுமாக உட்கார்ந்து, யாரோடு சாப்பிட்டாய், எந்தக் காரில் போனாய் என்று விசாரித்தார்கள். அந்த ஆண்டு முடிவில் இறப்பு 500க்கும் குறைவு.

அந்த முறை நோயாளிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும்வரை நன்றாக ஓடும். ஆயிரக்கணக்கில் வந்தால், நீங்கள் ஒருவரை அழைப்பதற்குள் அவர் மூன்று பேருக்குக் கொடுத்திருப்பார். 2020 செப்டம்பரில் நடந்த சபா தேர்தலுக்குப் பிறகு எண்ணிக்கை ஏறியது. அடுத்த ஆண்டு, வேகமாகப் பரவும் டெல்டா வகைக் கிருமி வந்தது. 2021 ஆகஸ்ட் 26இல் ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று. தேடிப் பிடிக்கும் வேலை அறுந்துபோனபின் எல்லாச் சுமையும் மருத்துவமனை வாசலில் வந்து விழுந்தது. ஆண்டு முடிவில் மொத்த இறப்பு 31,000ஐத் தாண்டிவிட்டது.

சுகாதார அமைச்சின் அன்றாட அறிக்கையில் 'இறந்த நிலையில் கொண்டுவரப்பட்டவர்கள்' என்று தனியாக ஓர் எண் இருக்கும். என்னைத் தூங்கவிடாதது அதுதான். இவர்களில் பலர் எந்த மருத்துவமனையிலும் படுக்கை கேட்டு நிற்கவே இல்லை. பி.பி.ஆர். எனும் மலிவு விலை அரசாங்க அடுக்குமாடியில் ஏழு பேர் இருக்கும் வீட்டில் தனிமைப்படுத்திக்கொள்ள ஏது அறை? நாட்கூலிக்காரருக்கு எம்.சி. என்ற மருத்துவ விடுப்பு எடுத்தால் அன்றைய சம்பளம் இல்லை. இந்த நோயில் சிலருக்கு மூச்சுத் திணறல் தெரிவதற்கு முன்பே ரத்தத்தில் பிராணவாயு இறங்கிவிடும். 'கொஞ்சம் அசதி' என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த ஜூலையில் சன்னலில் வெள்ளைக் கொடி கட்டி உணவு கேட்ட குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான், அதாவது ஒரு ரிங்கிட்தான், கட்டணம். அங்கே போய் நாள் முழுக்கக் காத்திருப்பதற்கு ஆகும் செலவு அதைவிட அதிகம்.

அதே அமைப்பின் இன்னொரு முகத்தையும் சொல்லியாக வேண்டும். 2021 பிப்ரவரி 24இல் தடுப்பூசி தொடங்கியது. அக்டோபர் 10இல் பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் முழுமையாகப் போட்டு முடித்திருந்தார்கள். தாய்சேய் நலக் கிளினிக்கில் பிள்ளைக்கு ஊசி போட்டுப் பழகிய சமூகம் நாம். பல பத்தாண்டுகளாக ஊறிய அந்தப் பழக்கத்தை ஒரே மாதத்தில் பணம் கொடுத்து வாங்கிவிட முடியாது. இடையில், ஜூலை 26இல், ஒப்பந்த மருத்துவர்கள் பணிநிறுத்தம் செய்ததும் நினைவிருக்கும். நிரந்தர வேலை தராமல் வைத்திருந்த பிள்ளைகளிடம்தான் அன்றைக்கு நம் உயிரை ஒப்படைத்திருந்தோம்.

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா தெருவில் கடை வைத்திருப்பவர்: ஆவணம் இல்லாதவர்களுக்கும் பரிசோதனையா? நம் வரிப்பணம்தானே?

ஐயா, உங்கள் தெருவிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2020 ஏப்ரலில் சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் என்ற இரண்டு அடுக்குமாடிகளையும் முள்கம்பி போட்டு அடைத்தார்கள். உள்ளே இருந்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து சாப்பாட்டுக் கடைகளுக்கும் துணிக்கடைகளுக்கும் வேலைக்கு வந்தவர்கள் பலர். பரிசோதனைக்கு வருபவர்களைக் கைது செய்யமாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். மே 1இல் அந்தப் பகுதியில் குடிநுழைவுச் சோதனை நடந்தது. அதற்குப் பிறகு இருமல் வந்தவன் கிளினிக்குக்குப் போவானா, கடையின் பின்கட்டில் ஒளிவானா? அவன்தான் உங்கள் இலையில் சோறு வைப்பவன். வரிப்பணக் கணக்கை அங்கிருந்து தொடங்குங்கள்.

பினாங்கு: எங்கள் ஊருக்கு இதில் ஏதாவது பெருமை உண்டா?

உண்டு. உங்கள் ஊரில் 1879இல் பிறந்த மருத்துவர் வூ லியன் தே, 1910-11இல் மஞ்சூரியாவில் சுமார் 60,000 பேரைக் கொன்ற பிளேக்கை அடக்கினார். அது மூச்சுக்காற்றால் பரவுகிறது என்று சொல்லி, துணியும் பஞ்சும் வைத்துத் தைத்த முகக்கவசத்தை எல்லோரையும் கட்ட வைத்தார். முதலில் ஒத்துக்கொள்ளாத மருத்துவர்களும் இருந்தார்கள்.

சிரம்பான்: பன்றிகளிடமிருந்து நிப்பா கிருமி பரவிய காலத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள், டாக்டரம்மா?

நெகிரி செம்பிலானில் இளம் அதிகாரியாக இருந்தேன். முதலில் அதைக் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்துக் கொசுமருந்து அடித்தோம். ஆனால் அது பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும் நோய். விழுந்தவர்களோ பன்றிப் பண்ணைகளில் வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். பண்ணைக்காரர்கள் 'ஒரு மைலுக்குக் கேட்கும் இருமல்' என்று பன்றிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது கால்நடைத் துறையின் கோப்பில் கிடந்தது, மனிதர்கள் எங்கள் கோப்பில். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சுவா கௌ பிங் அந்தப் புதிய கிருமியைப் பிரித்தெடுத்த பிறகுதான் இரண்டு கோப்புகளும் ஒரே மேசைக்கு வந்தன. மலேசியாவில் 265 பேர் நோயுற்றார்கள். 105 பேர் இறந்தார்கள்.

பங்சார்: என்னிடம் தனியார் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அரசாங்க அமைப்பு எப்படி இருந்தால் எனக்கென்ன?

உங்கள் சமையற்காரம்மாவிடம் அந்த அட்டை இல்லை. 2021இல் அவசரநிலைச் சட்டம் தனியார் வசதிகளையும் பயன்படுத்த அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுத்தது. தனியார் மருத்துவமனைகளும் கோவிட் நோயாளிகளை ஏற்றன. படுக்கை நிரம்பியபின் அட்டையின் நிறத்தைப் பார்த்துக் காலியாகாது.

ரவாங்: இறப்பு எண்ணிக்கைகளை நம்பலாமா?

எண்ணுபவரைப் பொறுத்தது. பெரு நாடு 2021 மே மாத இறுதியில் மறுகணக்கு எடுத்தபோது 69,000 என்று இருந்தது 1,80,000க்கு மேல் போனது. அதை வெளியே சொன்ன நேர்மைக்கு ஒரு வணக்கம். எண்ணாமலே இருந்துவிட்ட நாடுகள் தங்களை வெற்றி பெற்றவர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அம்பாங்கிலிருந்து ஒரு பாட்டி: டாக்டர், கைப்பேசியில் இருக்கும் மைசெஜாத்ரா என்ற அரசாங்கச் சுகாதாரச் செயலியைப் பேரன் அழித்துவிடச் சொல்கிறான். அழித்துவிடட்டுமா?

வேண்டாம் பாட்டி. உங்கள் தடுப்பூசிப் பதிவு அதில் இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் முன்பதிவு செய்யவும் உதவும். அதோடு, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று பேரனையே ஒரு தாளில் எழுதச் சொல்லி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். ஆம்புலன்ஸ் வந்தால் அதையும் கேட்பார்கள்.