ஒரே திரை, ஆளுக்கொரு படம்

டி.வி. பழுது பார்ப்பதிலேயே காலத்தைக் கழித்தவன் என்பதால் இந்த வாரக் கேள்விகளை ஆசிரியர் என் பக்கம் தள்ளிவிட்டார்.

கேள்வி: எனக்குச் செய்தி, மகனுக்கு கேம். இருப்பதோ ஒரே டி.வி. ஒரே நேரத்தில் ஆளுக்கொரு படம் முழுத்திரையில் தெரியும் டி.வி. உண்டு என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். ஆனால், ‘இருந்தது’ என்று சொல்ல வேண்டும். 2011-ல் சோனி, இரண்டு பேர் கேம் ஆடுவதற்கென்றே 24 அங்குலத் திரை ஒன்றை விற்றது. 2013-ல் சாம்சங்கின் 55 அங்குல ஓ.எல்.இ.டி. டி.வி. வந்தது. சூட்சுமம் ஆளுக்கொன்றாக மாட்டிக்கொள்ளும் மூக்குக் கண்ணாடியில். திரை உங்கள் படத்தையும் மகன் படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டும். அவன் படம் வரும் கணத்தில் உங்கள் கண்ணாடி இருண்டுவிடும், உங்கள் படம் வரும்போது அவனுடையது. நொடிக்கு 120 படம் என்றால் ஆளுக்கு 60. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

எல்.ஜி. செய்தது இதைவிட எளிது. திரை ஒரு படத்தை வலப்பக்கமாகச் சுழன்று வரும் ஒளியிலும், மற்றதை இடப்பக்கமாகச் சுழன்று வரும் ஒளியிலும் அனுப்பும். பேட்டரி இல்லாத 3டி கண்ணாடியில் ஒரு வில்லை வலஞ்சுழி ஒளியை விடும், மற்றது இடஞ்சுழியை. இரண்டு கண்ணுக்கும் ஒரே வகை வில்லை போட்டுவிட்டால் அது ஓர் ஆளுக்கான கண்ணாடி.

இதை வீட்டிலேயே செய்யலாமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு கண்ணாடிகளைப் பிரித்துப் போட்டேன். இட வில்லை வலப்பக்கச் சட்டத்தில் உட்காரவில்லை, வடிவம் நேர்மாறு. சரி, முன்பின்னாகத் திருப்பிப் போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது, ஆனால் இரண்டு படமும் சேர்ந்தே தெரிந்தது! சுழியைப் பிரிக்கும் படலம் திரையைப் பார்த்து இருந்தால்தான் வேலை செய்யும். அப்புறம் கத்தரிக்கோலால் ஓரம் வெட்டிப் பொருத்தினேன். கேமை மேல் பாதி, கீழ் பாதியாகப் பிரித்து, டி.வி.யை ‘மேல்-கீழ் 3டி’ முறையில் வைத்தால் அது இரண்டு பாதியையும் தனித்தனிப் படமாக இழுத்து நீட்டும், ஆளுக்கு முழுத்திரை. 1080 வரியில் ஒருவருக்கு 540தான் என்றாலும் பாதித் திரையில் இருந்ததே அவ்வளவுதான், அதனால் நட்டமில்லை. என் மருமகன் மட்டும் அடிக்கடி கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். வெறும் கண்ணுக்கு இரண்டும் கலந்து தெரியும், அந்தக் குழப்பத்திலும் நான் எங்கே ஒளிந்திருக்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுவான்.

2017-ல் எல்.ஜி.யும் சோனியும் 3டியைக் கைவிட்டன. இந்த வசதியும் கூடவே போயிற்று. பரணில் பழைய 3டி டி.வி. கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கண்ணாடியே இல்லாமல் முடியாதா?

முடியும், நீங்கள் இடம் மாறாமல் உட்கார்ந்தால். வேலி இடுக்கு வழியாக அடுத்த வீட்டைப் பார்த்திருப்பீர்கள். ஓர் அடி நகர்ந்தால் தெரியும் துண்டு மாறிவிடும். அதே கதைதான். பிக்சல் எனும் ஒளிப்புள்ளிகளின் வரிசைகளை ஒன்றுவிட்டு ஒன்று இரண்டு படங்களுக்கும் பங்கு போட்டு, முன்னால் நுண்ணிய கறுப்புக் கோட்டு வேலி வைத்துவிடுவார்கள். இடப்பக்கம் இருப்பவருக்கு ஒரு பங்கு, வலப்பக்கத்தவருக்கு மறு பங்கு. யோசனை பழசு, 1903-லேயே ஃபிரெடரிக் ஐவ்ஸ் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கிவிட்டார். ஷார்ப் இதை எல்.சி.டி.யில் கொண்டுவந்தது 2005-ல். 2009-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் ஏறியது: ஓட்டுநருக்கு வழி காட்டும் வரைபடம், பக்கத்தில் இருப்பவருக்கு சினிமா. காரைவிடப் பொருத்தமான இடம் இதற்கு இல்லை என்பேன், சீட் நகராதே! நடுவில் தலையை நீட்டினால் கதாநாயகி முகத்தில் நெடுஞ்சாலை ஓடும். வேலி கொஞ்சம் ஒளியை விழுங்குவதால் படம் சற்று மங்கல்தான்.

கேள்வி: நூறு பேருக்கு நூறு படம்?

2022-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் விமான நிலையத்தில் டெல்டா விமான நிறுவனம் அப்படி ஒரு பலகை வைத்தது. ஒரே நேரத்தில் 100 பயணிகள் வரை, ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரும் கேட் எண்ணும். இங்கே ஒவ்வொரு பிக்சலும் திசைக்கொரு நிறமாக ஒளி வீசும். போர்டிங் பாஸை ஸ்கேன் செய்தபின் நீங்கள் நடக்கும் இடத்தை மேலிருக்கும் சென்சார் தொடர, உங்கள் படமும் கூடவே வரும்.

கேள்வி: சத்தத்துக்கு என்ன வழி?

ஹெட்போன்தான். சாம்சங் கண்ணாடியின் காம்பிலேயே அதற்கு இயர்போன் வைத்திருந்தது. உங்கள் மகன் ஆடும் கேமில் துப்பாக்கி உண்டென்றால் அவனுக்கு முதலில் மாட்டிவிடுங்கள்.